ம் கொட்டுகிறவர்

"இது சீப்புங்களா ஐயா?"

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சமையலறைக்கு அவளே போய் எடுத்துவந்த எவர்சில்வர் கரண்டி. காலையில்தான் தேய்த்துக் கவிழ்த்தது, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் தலையணைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தவர் அந்தக் கரண்டியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். புருவத்தைக்கூட லேசாகச் சுருக்கினார். பிறகு, எல்லாப் பக்கமும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர்போல, "ம்" என்றார்.

சுவரோரம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் டைலரம்மா. சிரிக்கும்போது வாயில் கவ்விய குண்டூசி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பழக்கம். ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "விளையாடறார்," என்றாள். "கரண்டியைக் காட்டி சீப்பான்னு கேட்டா மனுஷன் வேற என்ன சொல்லுவாரு? உங்களைச் சீண்டிப் பாக்கறாரு."

யாரும் சிரிக்கவில்லை. கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்த மகள் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றே மகள் பேச்சை எடுத்துவிட்டாள். அதற்குக் காரணமும் இருந்தது. போன மாதம் டைலரம்மா குளியலறையில் அவரைத் தூக்கி நிறுத்தப்போய், இரண்டு பேருமாக ஈரத் தரையில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத் தூக்கவேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. "அப்பா மாதிரி ஆளுங்களைப் பாத்துக்கவே ஒரு இடம் இருக்கும்மா. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன், சுத்தமா இருக்கு. நீ எங்கூட வந்துடு," என்றாள் மகள். முடியவே முடியாது என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். "அவருக்கு எல்லாம் புரியுதுடி. வாய்தான் வரல. புரியற மனுஷனைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுட்டு, நான் உன் வீட்டுல உக்காந்து சோறு தின்னுவேனா?" மகளும் இவள் வயிற்றில் பிறந்தவள்தானே, விடவில்லை. "புரியலேன்னா?" என்றாள். "புரியலேன்னா அப்ப நீ சொல்றபடி கேக்கறேன்," என்று இவளும் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். தோற்கப்போகிற பந்தயம் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றவில்லை. அதனால்தான் இந்தப் பெண் வந்திருந்தாள். அதனால்தான் அவருக்குக் காலையிலேயே முகம் மழித்து, பெட்டியிலிருந்து நல்ல சட்டையாக எடுத்து மாட்டி, காதோரம் குனிந்து, "ஒரு பொண்ணு வந்து கேள்வி கேப்பா, மானத்தை வாங்காம பதில் சொல்லுங்க," என்று சொல்லியும் வைத்திருந்தாள். "ம்" என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

பக்கவாதம் வந்து அவர் வாயில் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் விட்டுவைத்தபோது ஊரே உச்சுக்கொட்டியது. டைலரம்மாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். முன்னாலும் அவரிடம் வேறு என்ன சொல் இருந்தது? இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். கூரைக்கு அடியில் தொங்கும் கூண்டுக்குள் காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். கீழே நிற்பவன் கையைக் காட்டுவான், இவர் மேலிருந்து ஹாரன் அடிப்பார், பாரம் எழும்பும். வாயைத் திறக்க அங்கே வேலையே கிடையாது. அந்தக் கூண்டை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்று அவள் அம்மா சொல்லுவாள். அவள் அம்மா மருமகனுக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். "ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்பல பேசினா முத்து உதிர்ந்துடுமாடி?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்பாள்.

டைலரம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள். உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பாள். அவர் பேசாமல் இருக்கிறார் என்று யார் சொன்னது? சட்டென்று வெட்டினாற்போல் வந்தால் 'சரி, புரிந்தது, மேலே பேசாதே' என்று அர்த்தம். மூக்கில் தொடங்கி மெல்ல இறங்கினால் சாப்பாடு நன்றாக இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒன்று வரும், அது 'வந்துவிட்டேன்'. கடைசியில் தூக்கி நிறுத்தினால் 'அப்புறம்?', அதே தூக்கலில் கண்ணும் சேர்ந்து வந்தால் 'யார் சொன்னது உனக்கு?' கோபத்துக்கு ஒன்று உண்டு, அது தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். அது வந்த நாட்களில் மகள் குழந்தையாய் இருந்தபோதுகூட அழாமல் தூங்கிவிடுவாள். டைலரம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது, பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதற்கும் அவர் 'ம்' என்றுதான் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்ட அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷமும் அது போதும் என்றே அவள் குடித்தனம் நடத்தினாள்.

அதில் இரண்டு 'ம்'களை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்று, மகளுக்குப் பிறகு பிறந்த பையன் மூச்சே விடாமல் போனபோது. ஆஸ்பத்திரி நடையில், கிடங்கின் துரு படிந்த சட்டையோடு ஓடிவந்து நின்றவரிடம், "போயிடுச்சுங்க," என்றாள். "ம்" என்றார். அந்தச் சத்தத்தில் ஒரு ஆள் முழுசாக உடைவது அவளுக்குக் கேட்டது. அன்று யார் யாரோ அழுதார்கள், எதுவும் அவள் நினைவில் இல்லை. அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். இன்னொன்று, கடைத்தெருவில் ஒரு கடை காலியானபோது. சொந்தமாகக் கடை போட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. சோறு போட்டுக்கொண்டே, "எடுக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்து, சற்றுத் தாமதித்து, "ம்" என்றார். அந்தத் தாமதத்தை அவள் கேட்டாள். அவருக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டு பேச்சை விட்டுவிட்டாள். அவரும் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அந்த இடத்தை இவளிடம் தொழில் கற்றுக்கொண்டவள் ஒருத்தி எடுத்தாள். இன்றைக்கு அங்கே கண்ணாடிக் கதவும் நான்கைந்து மிஷினும் ஓடுகின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் டைலரம்மாவுக்கு வயிறு எரியும். ஆனாலும், வாய்விட்டுச் சொல்லாததையும் புரிந்து நடந்துகொண்டோம் என்று ஒரு பெருமையும் கூடவே வரும்.

பயிற்சிப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இளவயசுதான், ஆனால் அவசரமில்லாத குரல். "வெளிய இப்ப இருட்டா இருக்குங்களா ஐயா?" வெயில் ஜன்னல் கம்பிகளோடு அவர் முழங்காலில் விழுந்து கிடந்தது. "ம்" என்றார். "நீங்க சின்னப் பையனுங்களா?" "ம்." "கண்ணை மூடுங்க பாக்கலாம்." "ம்" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னவர், திறந்த கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் முன்னால் டைலரம்மா தன் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தான் மூடியிருப்பது சற்றுப் பொறுத்துத்தான் அவளுக்கே உறைத்தது.

"புதுக் குரலுங்கறதால திகைக்கறாரு," என்று எழுந்து வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் குனிந்தாள். "நான் கேக்கறேன். என்னங்க, பசிக்குதா?"

"ம்."

"பாத்தீங்களா!"

"இப்பதானேம்மா ஊட்டினே," என்றாள் மகள். கடுமையாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள், அதுதான் தாங்கமுடியவில்லை.

"சரி, தண்ணி வேணுமா? இல்ல... காத்தாடி போடட்டுமா? வெயில் அடிக்குதா, நாற்காலியைத் தள்ளிப் போடட்டுமா?" எதைக் கேட்டாலும் அதற்கு 'ம்' பொருந்திக்கொண்டே வந்தது. வேறு மாதிரி ஒன்று கேட்கவேண்டும் என்று மனசுக்குள் தேடினாள். வாயில் வரவில்லை. அப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்டே பழக்கமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

பயிற்சிப் பெண்ணும் அதையேதான் கேட்டாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இல்லைன்னு பதில் வர்ற மாதிரி ஏதாவது நீங்க ஐயாகிட்ட கேட்டிருக்கீங்களா? படுத்ததுக்கு அப்புறம்னு இல்ல. முன்னாடியும்."

டைலரம்மா யோசித்தாள். கல்யாணமான புதிதில், என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் அடுப்புக்கு முன்னால் நின்ற ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டாள். கத்தரிக்காய் வைக்கட்டுமா? ம். அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா? ம். பெண்ணை அந்தக் காலேஜிலேயே சேர்த்துடலாம்ல? ம். அவளைப் பார்த்து மகளும் அப்படியே கேட்கப் பழகினாள். மகளைப் பார்த்து மருமகனும். துணி கொடுத்தவளின் உடம்புக்குத் தக்கபடி வெட்டுவதுபோல, அவர் வாய்க்குத் தக்கபடி கேள்விகளை அளவெடுத்து வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எது கொடுத்தாலும் அவருக்குச் சரியாக இருந்திருக்கிறது. இருக்காமல் என்ன செய்யும்?

"சத்தம் கேக்குது அவருக்கு," என்றாள் பயிற்சிப் பெண். "யாரோ பேசி முடிச்சாங்கன்னு தெரியுது. உடனே பதில் சொல்லணும்ங்கற பழக்கம் அப்படியே இருக்கு. அந்த ஏத்த இறக்கம்கூட கெட்டுப்போகல, அதனாலதான் உங்களுக்குப் பேசற மாதிரியே இருக்கு. ஆனா என்ன பேசறோம்ங்கறது உள்ள போகலம்மா. இன்னும் ரெண்டு மூணு தடவை வந்து பாக்கறேன். ஆனா..." அந்த 'ஆனா'வை அவள் முடிக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, கரண்டியை மறக்காமல் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் புறப்பட்டாள். மகள் அவளோடு வாசல்வரை போனாள். அங்கே அவர்கள் தணிந்த குரலில் பேசுவதும், பிறகு அவள் போய்விட்டதும், மகள் கைபேசியில் வேறு யாருடனோ பேசத் தொடங்குவதும் கேட்டன.

டைலரம்மா அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது, இழுத்துவிட்டாள். அவர் அவள் கையைப் பார்த்தார். அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, திருடுகிறவளைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நான் யாருங்க? உங்க அக்காவா?"

"ம்."

"உங்களுக்கு அக்காவே கிடையாதுங்க."

"ம்," என்றார். மூக்கில் தொடங்கி மெல்ல இறங்கிய 'ம்.' அவள் சமைத்தது நன்றாக இருந்த நாட்களில் வருகிற அதே 'ம்.' ஒரு இம்மி பிசகவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாத கோபம். இவர் இப்போது நினைக்காமல் சொல்கிற 'ம்'மும், அப்போது நினைத்துச் சொன்னதாக அவள் நம்பிய 'ம்'மும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அப்போது மட்டும் நினைத்துச் சொன்னார் என்பதற்கு என்ன சாட்சி? ஆஸ்பத்திரி நடையில் உடைந்தது யார், அவரா, அவளேவா? கடைக்கு வேண்டாம் என்று சொன்னது யார்? சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டு சும்மா தாமதித்திருப்பாரோ? போடு என்றுதான் சொன்னாரோ? கேட்கலாம் என்றால் கேட்க இனி ஆளில்லை. ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தது, சுத்தமாக முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். துக்கமானாலும் சந்தோஷமானாலும் அவள் போய் உட்கார வேறு இடம் கிடையாது. கல்யாண மண்டபம் ஒன்றின் திரைச்சீலைகள் குவிந்து கிடந்தன, கனத்த நீலத் துணி. ஓரம் மடித்து நெடுக அடிக்கவேண்டும். மடித்து, ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் கீழ் வைத்து மிதித்தாள். கடகடவென்று மிஷின் ஓடியது. மடிப்பு விலகவே காலை நிறுத்தினாள்.

"ம்," என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் மிதித்தாள், கொஞ்ச தூரம் போய் நிறுத்தினாள். "ம்." தூக்கி நிறுத்திய 'ம்', அப்புறம் என்ன என்று கேட்கிற 'ம்.' வேண்டுமென்றே நாலு தையல் போட்டு நிறுத்தினாள். "ம்." நீளமாக ஒரு கை தூரம் ஓட்டினாள். அதுவரை பொறுமையாக இருந்தார். சக்கரம் நின்றதும் "ம்" என்றார்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், மாலையில் கிடங்கிலிருந்து வந்து இதே ஜன்னலோரம் அவர் உட்காருவார். இவள் தைத்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். ஜாக்கெட் அளவு தப்பாய்க் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வந்தவளைப் பற்றி, அண்ணன் மகன் யாரையோ இழுத்துக்கொண்டு ஓடியதைப் பற்றி, எதையாவது. மிஷின் சத்தத்தில் பேச முடியாதாகையால் தையலை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அவர் சரியாக ம் கொட்டுவார். ஒரு நாளும் தப்பாது. என் பேச்சை இப்படிக் காதுகொடுத்துக் கேட்க எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று அவள் அந்த மாலைகளில் நினைத்துக்கொண்டதுண்டு. உண்மையாகவே அப்படி நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். இப்போது கை துணிமேல் கிடக்க, அவள் அந்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவர் அவளுக்கு ம் கொட்டினாரா, சக்கரம் நின்றதற்கா என்று எதிலும் அடையாளம் இல்லை.

கதவருகே நிழல் தட்டியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "பேசிட்டேன்மா. நாளைக்கே வண்டி அனுப்பறேன்னுட்டாங்க. நீ சொன்ன வார்த்தைதான், நான் ஒண்ணும் புதுசா சொல்லல."

டைலரம்மா காலைப் பலகையில் வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.

மகள் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். செயலற்றுக் கிடந்த அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி, "அம்மா, மிஷினைக் கொஞ்சம் நிறுத்தேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றாள்.

"அவருக்குத்தான் ஒண்ணும் புரியலியே. கேட்டு என்ன ஆகப்போகுது?"

"தெரியும்மா." மகளின் உதடு கோணியது. "இருந்தாலும் ஒரு தடவை கேட்டுடறேனே. அவர் ம்னு சொல்லிட்டாருன்னா எனக்குக் கொஞ்சம்... நீ நிறுத்தேன்."

பாவம்தான். பெற்றவளுக்குத் தெரியாதா? கேள்வியையும் இந்நேரம் மகள் வெட்டித் தயாராக வைத்திருப்பாள். போலாமாப்பா? சக்கரம் நின்ற மறுகணம் 'ம்' வரும். நல்ல 'ம்'மாகத்தான் வரும், மூக்கில் தொடங்கி மெல்ல இறங்கும். கேட்டவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆயுசையே ஓட்டிவிடலாம் என்று இவளுக்குத் தெரியாதா என்ன?

டைலரம்மா நிறுத்தவில்லை. குனிந்து, துணியை இரண்டு கையாலும் தள்ளிக் கொடுத்தாள். நீலத் துணி மடிப்பு மடிப்பாக ஊசிக்கு இந்தப் பக்கம் தீர்ந்து அந்தப் பக்கம் சரிந்தது. இடுப்பில் வலி சுளீரென்று ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பாபினில் நூல் தீர்ந்துவிட்டது சத்தத்திலேயே தெரிந்தது. ஊசி இப்போது வெறுமனே துளை போட்டுக்கொண்டு போனது. "அம்மா," என்று மகள் மறுபடியும் கூப்பிட்டாள். துணியின் கடைசி முனையும் பாதத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. துணி இல்லாமல் மிஷினை ஓட்டக்கூடாது, துணியைத் தள்ளும் பல் தேய்ந்துபோகும் என்பது தொழில் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுப்பது. ஒன்றுமில்லாத தகட்டின்மேல் ஊசி ஏறி இறங்க, அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

ஜன்னலோரம் அவர் மிஷினையே பார்த்துக்கொண்டு, உதடுகளைச் சேர்த்து மூடி, அது நிற்பதற்காகக் காத்திருந்தார்.